உப்பு கேட்ட உடம்பு: கிருஷ்ணகிரிப் பக்கத்தில் இருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இரவு 11.40. ஷேர் ஆட்டோவில் இருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். வேப்பனப்பள்ளிப் பக்கத்துக் கிராமம், வயது 46. பல வருடம் கிரானைட் குவாரியில் ஜாக் ஹேமர் பிடித்தவர். மூச்சு வாங்குகிறது என்று அதை விட்டுவிட்டுக் கடைசி ஒன்றரை வருடமாக ஒரு மாந்தோப்பில் காவல். நான்கு நாளாக வாந்தி. அன்று மதியத்தில் இருந்து கூப்பிட்டால் ‘ம்’ என்பதோடு சரி. காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்து 16 நாள் ஆகிறது என்று மனைவி சொன்னார். அட்டையையும் கையோடு கொண்டுவந்திருந்தார்.

(ஊர், வயது, தேதி ஆகியவற்றில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு இருவரிடமும் ஒப்புதல் வாங்கியாயிற்று.)

சிஸ்டர் இரண்டு முறை பிபி கஃப் கட்டிப் பார்த்துவிட்டு, “76தான் சார் வருது” என்றார். கீழே 50. கையும் காலும் சில்லிட்டிருந்தன. விரல் நுனியில் குத்திப் பார்த்த சர்க்கரை 58. எடை 41 கிலோ. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் 54 இருந்தாராம். காய்ச்சல் இல்லை, வயிறு மெத்தென்று இருந்தது, கண்ணில் மஞ்சள் இல்லை. காசநோய் மாத்திரை தின்கிறவர் வாந்தியோடு வந்தால் முதலில் ஈரலைத்தான் சந்தேகிப்போம். ஆனால் ஈரல் கெட்டதற்கான அடையாளம் எதுவும் கண்ணில் படவில்லை.

ஈசிஜி எடுத்தோம். தூக்கம் கலைந்தது.

டி அலைகள் கூடாரம் அடித்தாற்போல் ஒடுங்கி உயர்ந்து நின்றன. அவற்றுக்கு முன்னால் சின்ன மேடாகத் தெரிய வேண்டிய பி அலை ஏறக்குறையக் காணோம். நடுவில் வரும் கூரான பகுதி வழக்கத்தைவிட அகலம். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிப்போன இதயம் இப்படித்தான் எழுதும். லேப் ரிப்போர்ட் வர முக்கால் மணி நேரமாவது ஆகும், அதுவரை காத்திருக்கிற நிலைமை அல்ல. 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லியை ஐந்து நிமிடத்தில் மெதுவாக ஏற்றினேன், கண் மானிட்டரிலேயே இருந்தது.

ஏன் கால்சியம்? இதயத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பொட்டாசியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் அடைந்து கிடக்கிறது. வெளியே ரத்தத்தில் வெறும் 4. இந்த ஏற்றத்தாழ்வுதான் செல்லின் மின்னழுத்தம். அடுத்த துடிப்புக்கு அதுதான் மூலதனம். வெளியே 4 என்பது 7 ஆகிவிட்டால், மைனஸ் 90 மில்லிவோல்ட்டில் ஓய்வெடுக்க வேண்டிய செல் மைனஸ் 80 பக்கத்திலேயே நின்றுவிடும். முழுசாக இறங்கினால்தான் சோடியம் கதவுகள் மறுபடி தயாராகும். பாதியில் நின்றால் பல கதவுகள் அடைத்தபடியே கிடக்கும். மின்னலை தவழ்ந்து போகும், ஈசிஜி அகலும், கடைசியில் ஒரே அலையாகி நின்றுவிடும். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைப்பதே இல்லை. செல் தூண்டப்படும் வாசலைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது, அவ்வளவுதான். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரம் தாங்கும்.

அடுத்த படி எல்லா டியூட்டி டாக்டருக்கும் மனப்பாடம்: பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும் சேர்த்துக் கொடுப்பது. கை அதற்குத்தான் போனது. ஆனால் சர்க்கரை 58 இருக்கிற ஆளுக்கு இன்சுலினா? அங்கேதான் யோசனை நின்றது. பிபி இல்லை, சர்க்கரை இல்லை, பொட்டாசியம் மட்டும் மலையாக நிற்கிறது. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்து வந்தால் அதற்கு ஒரு பெயர் உண்டு: அடிசன் நோய், அதாவது அட்ரினல் சுரப்பிகள் செயலிழந்துபோவது.

டார்ச்சை வாங்கி வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு ஓரங்களிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் மை தெளித்தாற்போல் கருநீலத் திட்டுகள். கையைத் திருப்பினால், காய்த்துப்போன உள்ளங்கையில் ரேகைகள் பேனாவால் கோடிழுத்ததுபோல் கறுத்திருந்தன. ஆள் மாநிறம், தோப்பு வெயில் வேறு. “வெயில்ல கருத்துட்டாரு” என்று ஊரே சொல்லியிருக்கிறது. வெயில் வாய்க்குள் படாது.

அட்ரினல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனின் அளவு பார்க்க ஒரு குழாய் ரத்தத்தை எடுத்து ஐஸில் வைத்துவிட்டு, அதன் முடிவுக்குக் காத்திராமல் கார்டிசாலுக்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராமை நரம்பில் போட்டோம். 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், கூடவே ஒரு லிட்டர் நார்மல் சலைன் வேகமாக. இன்சுலின் போடவில்லை.

12.30க்கு ரிப்போர்ட் வந்தது. சோடியம் 118, பொட்டாசியம் 6.9, யூரியா 74, கிரியேட்டினின் 1.7. ஈரல் பரிசோதனை சுத்தம். ரத்த வெள்ளை அணுக்களில் ஈசினோஃபில் என்ற வகை 9 சதவீதம். இந்தக் கடைசி எண்ணை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். எனக்கு அது முக்கியமாகப் பட்டது. சாகக் கிடக்கிற எந்த உடம்பும் கார்டிசாலை அள்ளிக் கொட்டும், கார்டிசால் ஏறினால் ஈசினோஃபில்கள் ரத்தத்தில் இருந்தே மறைந்துவிடும். பிபி 76ல் கிடக்கிற ஒருவர் ரத்தத்தில் அவை 9 சதவீதம் உலாவுகின்றன என்றால் அங்கே கார்டிசால் இல்லை என்று அர்த்தம்.

விடிகாலை நான்கு மணிக்குக் கண் திறந்தவர் முதலில் கேட்டது தண்ணீர் இல்லை. “ஊறுகா இருக்குதுங்களா?”

மனைவி சொன்ன கதை

காலையில் ஓபி தொடங்குவதற்கு முன்னால் அந்த அம்மாவை உட்கார வைத்து விசாரித்தேன்.

“உப்பு எப்படிங்க சாப்பிடுவாரு?”

“அத ஏன் சார் கேக்கறீங்க. ஒரு வருசமா உப்புதான் சோறே. களிக்குக் கீர கடைஞ்சு வெச்சா அதும்மேல ஒரு கை கல்லுப்பு. தோப்புல காய் உழுந்தா பொறுக்கியாந்து உப்புத் தொட்டுத் தின்பாரு. காய் தீந்த அப்பறமும் உப்ப நக்கிட்டு உக்காந்திருப்பாரு. சட்ட தொவைக்கறப்ப பாத்தா முதுகெல்லாம் வெள்ளையா பூத்துக் கெடக்கும். மோட்டார் தண்ணியில ஏதோ இருக்குதுன்னு நெனச்சேன்.”

காய் என்று அவர் சொன்னது பெங்களூரா மாங்காய். இந்தப் பக்கத்துக் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிற கிளிமூக்கு ரகம். சீசனில் உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு அதைத் தின்னாதவர் இங்கே கிடையாது. அதனால் ஒருவர் உப்பு நக்குவது யாருக்கும் நோயாகத் தெரியவில்லை. எங்களுக்கும்தான்.

மீதிக் கதையும் துண்டு துண்டாக வந்தது. ஒரு வருடத்துக்கும் மேலாக அசதி. உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டும். மாதம் ஒருமுறை முடியாமல் போய் எங்காவது “பாட்டில் போட்டுக்கிட்டு” வருவார். அதில் ஒன்றைத்தான் அம்மா கவனித்து வைத்திருந்தார்: சில பாட்டில் போட்டால் இரண்டு நாள் தெம்பாக நடமாடுவார், சில பாட்டில் போட்டால் இன்னும் சுருண்டுவிடுவார். “உப்புப் பாட்டிலுன்னா நல்லா இருக்குதுங்க, சக்கர பாட்டிலுன்னா ஆவறதில்ல.” பிசியாலஜி வாத்தியார் சொல்ல வேண்டியதை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நார்மல் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு. 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் உப்பே கிடையாது. சர்க்கரையை உடம்பு எரித்த பிறகு மிஞ்சுவது வெறும் தண்ணீர். ஏற்கெனவே நீர்த்துப்போன ரத்தத்தை அது மேலும் நீர்க்க வைக்கும்.

வேறொரு இடத்தில் ரத்தம் பார்த்து “ஈஸ்னோபீலியா” என்று மூன்று வார மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அப்போதே ஈசினோஃபில் கூட இருந்திருக்கிறது. பெயர் வைத்தார்கள், காரணம் தேடவில்லை.

அம்மா ஒரு மஞ்சப்பையில் எல்லாச் சீட்டையும் சேர்த்து வைத்திருந்தார். புரட்டிக்கொண்டே வந்தேன். ஐந்து மாதத்துக்கு முந்தைய ஒரு சீட்டில் ‘அசதி, பிபி 92/60, இரும்புச் சத்து, வைட்டமின், 30 நாள்’ என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது. அந்த ஆளைப் பார்த்த நினைவு துளியும் இல்லை. ஓபியில் அவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்திருந்தால் அதிகம். வாயைத் திறக்கச் சொல்ல பத்து விநாடி போதும், நான் சொல்லவில்லை.

நோய் எப்போது தொடங்கியிருக்கும் என்பதை அவர் காலே சொன்னது. முழங்காலுக்குக் கீழே இரண்டு தழும்புகள். குவாரியில் கல் சரிந்து பட்டது ஒன்று, பல வருடப் பழசு, வெளிறிக் கிடந்தது. மற்றது போன பொங்கலுக்கு முந்தைய பொங்கலில் வரப்புக் கல்லில் இடறிக் கிழித்துக்கொண்டது, கரிக்கட்டையால் தேய்த்ததுபோல் கறுப்பு. இந்த நோயில் புதிதாக உண்டாகும் தழும்புதான் கறுக்கும், பழையது நிறம் மாறாது. இரண்டுக்கும் நடுவில் எங்கோ அட்ரினல் சுரப்பிகள் படுத்திருக்கின்றன.

கறுப்பு எங்கிருந்து வருகிறது என்பது தனி வேடிக்கை. கார்டிசால் குறைந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி சும்மா இருக்காது. ‘சுர, சுர’ என்று அட்ரினலுக்கு ஏசிடிஹெச் என்ற ஹார்மோனை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஏசிடிஹெச், தோலுக்கு நிறம் கொடுக்கச் சொல்லும் ஹார்மோனோடு ஒரே தாய்ப் புரதத்தில் இருந்து வெட்டி எடுக்கப்படுவது. அளவு மீறினால் தோலின் நிறச் செல்கள் அதையே தமக்கான உத்தரவாக எடுத்துக்கொள்கின்றன. இவருக்கு பெங்களூரு லேபில் இருந்து வந்த எண்கள்: கார்டிசால் 1.8 மைக்ரோகிராம் (அந்த இரவு அவர் இருந்த நிலைக்கு 18க்கு மேல் ஓடியிருக்க வேண்டும்), ஏசிடிஹெச் 640. வழக்கமாக 60ஐத் தாண்டாது. மேலிடம் கத்துகிறது, கீழே கேட்க ஆள் இல்லை.

கடைசி இரண்டு சதவீதம்

அட்ரினல் இரண்டும் சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 4, 5 கிராம். அவற்றின் வெளியடுக்கு சுரக்கும் ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனை 1953ல் லண்டனில் சில்வியா சிம்சனும் ஜேம்ஸ் டெய்ட்டும் பிரித்தெடுத்தார்கள். அது செய்வது ஒரே ஒரு சின்ன வேலை. எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டால்தான் இந்த மனிதருக்கு என்ன ஆனது என்று விளங்கும்.

சிறுநீரகம் ஒரு நாளில் வடிகட்டுவது 180 லிட்டர். அதில் கரைந்திருக்கும் சோடியத்தைச் சமையல் உப்பாக மாற்றிச் சொன்னால் ஒன்றரைக் கிலோ. கடையில் வாங்கும் ஒரு கிலோ பாக்கெட், அதோடு இன்னொரு அரைப் பாக்கெட், தினமும்! இதில் மூன்றில் இரண்டு பங்கை நுண்குழலின் முதல் வளைவே திரும்ப எடுத்துவிடும். ஹென்லி வளைவு கால் பங்கு. அடுத்த துண்டு ஐந்து சதவீதம். இந்த மொத்த வேலைக்கும் ஆல்டோஸ்டீரோன் பெரிதாகத் தேவையில்லை. கடைசியில் மிஞ்சும் இரண்டு சதவீதத்துக்குத்தான் அது காவல்.

ஒன்றரைக் கிலோவில் இரண்டு சதவீதம் 30 கிராம். ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் உப்போ 10 கிராம் சுமார். கே.ஆர்.பி. அணையில் எல்லா ஷட்டரும் ஒழுங்காக இறங்கியிருக்க, ஒன்றே ஒன்று மட்டும் அரை அடி தூக்கி நின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வருகிற தண்ணீரைவிடப் போவது கொஞ்சம் அதிகமாக இருந்தால் போதும், கோடையில் அடி தெரியும். இவர் கைநிறைய உப்பு அள்ளித் தின்று அந்த ஓட்டைக்கு ஈடு கொடுத்துக்கொண்டிருந்தார். வியர்வைச் சுரப்பிக்கும் இதே ஹார்மோன்தான் உப்பை மிச்சம் பிடிக்கக் கற்றுத் தருகிறது. அது இல்லாததால் வியர்வையும் கரித்தது, சட்டையில் பூத்தது.

உறுதி செய்தது ஒரு சாதாரணப் பரிசோதனை. இரவு பிடித்த சிறுநீரில் சோடியம் 68. ரத்தத்தில் சோடியம் 118க்கு இறங்கி, பிபியும் விழுந்து கிடக்கிற ஆளின் சிறுநீரில் அது 20ஐத் தாண்டக் கூடாது. நல்ல சிறுநீரகமாக இருந்தால் கருமிபோல் ஒவ்வொரு துளியையும் இறுக்கிப் பிடித்திருக்கும். இங்கே பிடிக்கச் சொல்ல ஆள் இல்லை.

அந்தக் கடைசிக் குழலில் சோடியம் உள்ளே வரும்போதுதான் மாற்றாகப் பொட்டாசியம் வெளியேறும். சோடியம் வராவிட்டால் பொட்டாசியத்துக்கும் வழி அடைபடும். ஆக ஒரே கதவு பழுதானதில் ஒரு பக்கம் 118, மறுபக்கம் 6.9.

உப்போடு தண்ணீரும் போக, ரத்தத்தின் கொள்ளளவு சுருங்குகிறது. சிறுநீரகத்துக்குப் போய்ச் சேரும் ரத்தம் குறைகிறது, வடிகட்டல் குறைகிறது, கிரியேட்டினின் 1.7 ஆகிறது. கார்டிசால் இல்லாததால் ரத்தக் குழாய்கள் அட்ரினலின் வகையறாவுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை, பிபியைத் தூக்கிப் பிடிக்க முடிவதில்லை. ஈரல் பட்டினி நேரத்தில் சர்க்கரை தயாரிக்கத் தயங்குகிறது. மூளையோ ‘தண்ணீரைச் சேமி’ என்னும் ஏடிஹெச் ஹார்மோனை விடாமல் சுரக்கிறது, அதை அடக்குவதும் கார்டிசாலின் வேலை என்பதால். குடித்த தண்ணீரெல்லாம் உள்ளேயே தங்கி சோடியத்தை இன்னும் நீர்க்கச் செய்கிறது.

நல்ல எண்ணத்தில் நடந்த மூன்று

இவர் ஒரு வருடமாக விளிம்பில் நின்றுகொண்டிருந்தார், விழவில்லை. அந்தக் கடைசிப் பதினாறு நாளில் விழுந்தார். தள்ளிவிட்ட கைகள் மூன்றும் உதவ வந்தவைதான்.

முதல் கை, காசநோய் மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின். இருமலுக்குச் சளி பார்த்ததில் காசநோய்க் கிருமி இருந்தது, முறைப்படி நான்கு மருந்து ஆரம்பித்தார்கள். மிகச் சரியான வைத்தியம். ஆனால் ரிஃபாம்பிசினுக்கு ஒரு பழக்கம் உண்டு: ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் எல்லாம் அதனால் பலமிழப்பது பலருக்குத் தெரியும். கார்டிசாலையும் அதே நொதிகள்தான் சிதைக்கின்றன. நல்ல அட்ரினல் இருந்தால் கூடுதலாகச் சுரந்து சமாளித்துக்கொள்ளும், ஆளுக்குத் தெரியவே தெரியாது. கையிருப்பே சொட்டுச் சொட்டாக இருப்பவருக்கு அந்தச் சொட்டும் போகும். நொதிகள் முழு வேகம் பிடிக்க ஒன்றிரண்டு வாரம் ஆகும். இவருக்கு வாந்தி ஆரம்பித்தது 12ஆம் நாள்.

வாந்தி “மாத்திரைச் சூடு” என்று ஆனது. ரத்தம் பார்த்தார்கள், கிரியேட்டினின் 1.7. அங்கே இரண்டாவது கை: “கிட்னி லேசா வீக்கா இருக்கு, உப்பச் சுத்தமாக் குறைங்க.” எண்ணை மட்டும் வைத்துப் பார்த்தால் யாரும் சொல்லக்கூடியதுதான். பிபி 90ல் இருக்கும் ஆளுக்குச் சொல்லக்கூடியதல்ல. அம்மா உப்பு டப்பாவைத் தூக்கி மச்சு மேல் வைத்துவிட்டார். புருஷன் கெஞ்சியும் தரவில்லை. “கிட்னின்னு சொன்னதும் பயந்துட்டேன் சார்” என்று சொல்லும்போது அவர் குரல் உடைந்தது.

மூன்றாவது, இளநீர். வாந்தி எடுக்கிறவருக்கு வேறு என்ன கொடுப்பார்கள்? காவேரிப்பட்டணம் சந்தைக்குப் போன தம்பி வாங்கி வந்ததை நாளுக்கு மூன்று, நான்கு என்று கொடுத்திருக்கிறார்கள். இளநீரில் சோடியம் மிகக் குறைவு, பொட்டாசியம் ஏராளம், ஒரு காயில் 15 மில்லிமோலுக்குக் குறையாது. மற்றவர்களுக்கு அமிர்தம். பொட்டாசியம் வெளியேறும் வழி அடைபட்டவருக்கு அந்த ஈசிஜி.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 1940ல் வில்கின்ஸ், ரிக்டர் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார்கள். உப்பை வெறும் வாயில் அள்ளித் தின்பான். அவன் பேசக் கற்ற முதல் சில சொற்களில் ‘உப்பு’ ஒன்று. வேறு காரணத்துக்காக அவனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே வார்டுச் சாப்பாடு, வழக்கமான அளவு உப்பு. ஒரு வாரத்தில் இறந்துபோனான். பிரேதப் பரிசோதனையில் அட்ரினல் கோளாறு தெரிந்தது. அட்ரினலை எடுத்துவிட்ட எலிகள் உப்புத் தண்ணீரைத் தாங்களே தேடிக் குடித்துப் பிழைத்துக்கொள்கின்றன என்று ரிக்டர் அதற்கு நான்கு வருடம் முன்பே காட்டியிருந்தார். எலிக்கு யாரும் பத்தியம் சொல்லவில்லை.

(பிபி கூட இருந்து உப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் இதைப் படித்துவிட்டு ஊறுகாய்ப் பாட்டிலைத் திறக்க வேண்டாம். அது வேறு கணக்கு.)

இரண்டாம் நாள் வந்த பயம்

காலை ஆறு மணிக்குப் பொட்டாசியம் 5.4, பிபி 104/66. ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். கட்டிலில் தொங்கிய மூத்திரப் பை நிரம்பிக்கொண்டே இருந்ததை சிஸ்டர்தான் கவனித்தார். “சார், மறுபடி மாத்திட்டேன், தண்ணி மாதிரி போகுது.” மதியத்துக்குள் 2.8 லிட்டர், நிறமே இல்லை.

எதிர்பார்த்திருக்க வேண்டியதுதான். கார்டிசால் உள்ளே போனதும் மூளை ஏடிஹெச்சை நிறுத்திவிடுகிறது. பிடித்து வைத்திருந்த தண்ணீரைச் சிறுநீரகம் மடமடவென்று விடுகிறது. தண்ணீர் போனால் சோடியம் தானாக ஏறும், நாம் ஏற்றாமலேயே. கேட்க நல்லதாக இருக்கிறது. ஆனால் பல வாரம் குறைந்த சோடியத்தில் வாழப் பழகிய மூளைச் செல்லுக்கு அது வேகமாக ஏறினால் நரம்புறை கழன்று கை கால் விழுந்துவிடலாம். பொட்டாசியத்தில் பிழைத்தவரைச் சோடியத்தில் முடக்கிப்போட்ட கதைகள் உண்டு. மெலிந்து சத்தில்லாமல் இருப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். 24 மணி நேரத்தில் 8க்கு மேல் ஏற விடக் கூடாது என்பது நான் வைத்துக்கொள்ளும் கணக்கு.

மதியம் 12 மணிக்குச் சோடியம் 125. பன்னிரண்டு மணி நேரத்தில் 7. சலைனை நிறுத்தினேன். போகிற சிறுநீருக்கு ஈடாக, நேற்று வரை எமனாக இருந்த அதே 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டோம். வெறும் தண்ணீரையும் குடிக்கச் சொன்னோம். அம்மா பாட்டிலைப் பார்த்துவிட்டு, “இது சக்கர பாட்டிலுங்களே, ஆவாதுங்களே” என்று பதறினார். நேற்று ஆகாதது இன்று ஏன் ஆகும் என்று அவருக்குப் புரிய வைக்க ஒரு டம்ளரும் உப்பும் எடுத்துக் கரைத்துக் காட்ட வேண்டியிருந்தது. நள்ளிரவில் 126. மறுநாள் 131. மூன்றாம் நாள் இட்லிக்குச் சட்னி போதவில்லை என்று சண்டை போட்டார், நான் சீட்டில் ‘நலம்’ என்று எழுதினேன்.

கல் தூசியில் இருந்து அட்ரினல் வரை

சிடி ஸ்கேனில் இரண்டு அட்ரினல்களும் வீங்கி, கட்டி கட்டியாக இருந்தன. வலது 3.1 சென்டிமீட்டர், இடது 2.6. எச்ஐவி இல்லை. சளியில் கிருமி ஏற்கெனவே உறுதியாகியிருந்தது, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படும் வகை. அட்ரினலை இப்படி வீங்கவைக்கும் பூஞ்சைத் தொற்று ஒன்றும் நம் நாட்டில் உண்டு. மருந்துக்குச் சுருங்காவிட்டால் ஊசி போட்டு எடுத்துப் பார்ப்பது என்று முடிவு செய்து, காசநோய் என்றே எடுத்துக்கொண்டோம்.

1855ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் தாமஸ் அடிசன் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது அவருடைய நோயாளிகள் பலரின் அட்ரினல்களைத் தின்றிருந்ததும் காசநோய்தான். பணக்கார நாடுகளில் இன்று உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அட்ரினலைத் தாக்குவது முதல் காரணம். நமக்கு அடிசனின் பழைய காரணம் இன்னும் பழசாகவில்லை. இரண்டு சுரப்பிகளிலும் சேர்த்து 90 சதவீதம் அழிந்த பிறகுதான் நோய் வெளியே தெரியும் என்பதால், கிருமி நெஞ்சில் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் பயணித்து அங்கே குடியேறியிருக்க வேண்டும்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோயோடு இன்னொன்றும் இருந்தது. நுரையீரலின் மேல் பாதிகளில் பொடிப்பொடியாக முடிச்சுகள். கிரானைட்டில் ஜாக் ஹேமர் துளைபோடும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பிடித்துவிடும், தெரியாத தூசிதான் காற்றறை வரை போகும். அங்கே கிருமியை விழுங்கிக் கொல்ல வேண்டிய செல்கள் சிலிக்காவை விழுங்கிச் செத்துப்போகின்றன. காவலாளி செத்த வீட்டில் காசநோய் சுலபமாக ஏறும். “மூஞ்சிக்குத் துண்டு கட்டிக்குவோம் சார்” என்றார். துண்டின் இழைக்குள் அந்தத் தூசி தாராளமாக நுழையும். துளைபோடும்போதே தண்ணீர் விட்டால் பெருமளவு அடங்கிவிடும். அவர் வேலை பார்த்த இடத்தில் தண்ணீர் விடவில்லையாம்.

பிறகு

காசநோய் மருந்தை நிறுத்தவில்லை, நிறுத்தவும் கூடாது. ரிஃபாம்பிசின் கார்டிசாலை எரிக்கிறது என்றால் எரிவதற்கும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டியதுதான். வழக்கமாக நாளுக்கு 20 மில்லிகிராம் பக்கம் போதுமான ஹைட்ரோகார்டிசோனை இவருக்கு இரட்டிப்பாக்கி, காலை 20, மதியம் 10, சாயங்காலம் 10 என்று கொடுத்தோம். ஆல்டோஸ்டீரோனுக்கு மாற்றாக ஃப்ளூட்ரோகார்டிசோன் 0.1. இந்த இரண்டாவது மாத்திரை இங்கே மெடிக்கலில் கேட்டால் பெயரையே இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் மைத்துனர் மாதம் ஒருமுறை பெங்களூருவில் வாங்கி வருகிறார்.

வீட்டுக்கு அனுப்பும்போது அம்மாவிடம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு. வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் காத்திருக்காமல் ஹைட்ரோகார்டிசோன் ஊசி. ஒரு நாள்கூட மாத்திரை விடக் கூடாது. “எத்தன நாளைக்குங்க?” என்றார். காசநோய் ஆறிய பிறகும் அழிந்த அட்ரினல் திரும்புவது அபூர்வம். ஆயுசுக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உப்பு?” என்று கேட்டார். அவர் கேட்கிற அளவு கொடுங்கள் என்றேன்.

ஆறு மாதம் கழித்துக் காசநோய் மருந்து முடிந்தது. ரிஃபாம்பிசின் நின்று இரண்டு வாரம் பொறுத்து ஹைட்ரோகார்டிசோனை 20க்கு இறக்கினேன். உடனே இறக்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: முடுக்கிவிட்ட நொதிகள் மருந்தை நிறுத்திய மறுநாளே அடங்குவதில்லை. எடை 52. நின்றபடி பிபி 114/74. சோடியம் 138, பொட்டாசியம் 4.3, கிரியேட்டினின் 0.8. ‘வீக்’ ஆன கிட்னிக்கு எப்போதும் ஒன்றும் இருந்ததில்லை. சிடியில் அட்ரினல்கள் இரண்டும் சுருங்கியிருந்தன. உள்ளங்கை ரேகை வெளுத்துவிட்டது, காலில் அந்தத் தழும்பு மட்டும் இன்னும் கறுப்பு.

போன வாரம் வந்திருந்தார்கள். களியில் உப்பு கரிக்கிறது என்று புகார், இந்தத் தடவை அவரிடம் இருந்து. “முன்ன போட்ட அளவுலதான் சார் போட்டேன்” என்று அம்மா சிரித்தார். சட்டைப் பையில் நோய்ப் பெயரும் மாத்திரை அளவும் எழுதிய அட்டை வியர்வையில் நைந்திருந்ததால் புதிதாக ஒன்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தேன். மாடி ஏறினால் மூச்சு இன்னும் வாங்குகிறது. சிலிக்கா தந்த முடிச்சுகள் கரையாது. குவாரி வேலைக்கான இழப்பீட்டு விண்ணப்பத்துக்கு எக்ஸ்ரேயோடு என் சான்றிதழும் கேட்டார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.